கார் எஞ்சினுக்கு ஆயில் எப்போது மாற்றுவது?

நம் சங்கத்தில் எந்த நிகழ்ச்சிக்குப் போனாலும், இடைவேளையில் காபியோடு ஒதுங்கும்போது யாராவது ஒருவர் இந்தக் கேள்வியுடன் வந்து நிற்பார். ரயில்வேயில் டீசல் எஞ்சின்களோடு முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் குப்பை கொட்டியவன் என்பதால் கார் எஞ்சினும் எனக்கு அத்துப்படி என்று ஒரு நம்பிக்கை. "சார், வண்டி இந்த வருஷம் மூவாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை. சர்வீஸ் சென்டரிலிருந்து போன் மேல் போன். ஆயில் மாற்றித்தான் ஆகவேண்டுமா?" என்று கேட்பவர் என்னைப் போல ஓய்வு பெற்றவராக இருப்பார். "அங்கிள், தினமும் குருகிராம் போய் வருகிறேன். பத்தாயிரம் வரை கவலையே வேண்டாம் என்கிறார்கள், நம்பலாமா?" என்பவர் அவருடைய பிள்ளை வயதுக்காரர். காபி ஆறுவதற்குள் சொல்லி முடிகிற பதில் இல்லை இது. ஆகவே ஆசிரியரிடம் இடம் கேட்டு எழுதுகிறேன். மின்சாரக் கார் வாங்கிவிட்ட அன்பர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். அவர்கள் வண்டியில் எஞ்சின் ஆயில் என்ற சமாசாரமே கிடையாது.

முதலில், வண்டியோடு கொடுத்த கையேட்டை எடுங்கள். டாஷ்போர்டுப் பெட்டியில் இன்ஷூரன்ஸ் காகிதங்களுக்கு அடியில் பிரிக்கப்படாமல் இருக்கும். இன்றைய பெட்ரோல் கார்கள் பலவற்றுக்கு அதில் 10,000 கி.மீ. அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது என்று எழுதியிருக்கும். நம்மவர்கள் முன்பாதியை மனப்பாடம் செய்துகொண்டு 'அல்லது'க்குப் பின்னால் வருவதை விட்டுவிடுகிறார்கள். அதைவிட முக்கியம், அதே கையேட்டில் சில பக்கங்கள் தள்ளி இன்னொரு அட்டவணை இருக்கும். 'கடினமான உபயோகம்' என்ற பொருளில் ஒரு தலைப்பு. குறுகிய தூரங்கள் அடிக்கடி ஓடுவது, நின்று நின்று ஊர்ந்து போவது, தூசி நிறைந்த சாலைகள், எஞ்சின் நெடுநேரம் சும்மா ஓடிக்கொண்டிருப்பது, கடுங்குளிர் என்று பட்டியல் போட்டு, இப்படி ஓடும் வண்டிக்கு ஆயிலைச் சீக்கிரமே மாற்றச் சொல்லியிருக்கும். பல கையேடுகளில் அது பாதிக்குப் பாதி, அதாவது 5,000 கி.மீ. அல்லது ஆறு மாதம். அந்தப் பட்டியலை ஒருமுறை நிதானமாகப் படித்துவிட்டு, ஆசிரமச் சந்திப்பில் மாலை ஆறரை மணியை நினைத்துப் பாருங்கள். டெல்லியில் ஓடும் கார்களில் பெரும்பாலானவை முதல் அட்டவணையைச் சேர்ந்தவை அல்ல, இரண்டாவதைச் சேர்ந்தவை. என் முடிவு இதுதான். ஏன் என்பதைச் சொல்கிறேன்.

எஞ்சின் ஆயிலின் வேலை வழுக்கலாக இருப்பது மட்டும் என்று நினைக்கிறோம். உண்மையில் அது ஐந்தாறு உத்தியோகம் பார்க்கிறது. கிராங்க் ஷாஃப்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே தலைமுடியைவிட மெல்லிய படலமாக நின்று உலோகம் உலோகத்தைத் தொடாமல் காக்கிறது. ரேடியேட்டர் தண்ணீர் போய்ச் சேராத இடங்களிலிருந்து, முக்கியமாக பிஸ்டனின் அடிப்பக்கத்திலிருந்து, சூட்டை வாங்கிக்கொண்டு வருகிறது. பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே அடைப்பாக இருந்து அழுத்தம் கசியாமல் பார்த்துக்கொள்கிறது. எரிந்த புகைக்கரியைக் கழுவி, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல் தனித்தனியாக மிதக்க வைத்திருக்கிறது. எரிபொருள் எரியும்போது உண்டாகும் அமிலங்களை முறிக்கிறது. கடைசி இரண்டு வேலைகளையும் செய்வது வெறும் எண்ணெய் அல்ல, அதில் கலந்திருக்கும் ரசாயனச் சேர்மானங்கள். எண்ணெய் அப்படியே இருக்கும், சேர்மானம்தான் செலவழிந்துகொண்டே வரும். வடை சுட்ட எண்ணெய் வாணலியில் அளவு குறையாமல் இருந்தாலும் நாலாவது நாள் அதில் அப்பளம் பொரிக்க வீட்டில் சம்மதிப்பார்களா? அதே கணக்குதான்.

இப்போது கிலோமீட்டருக்கு வருவோம். ரயில்வேயில் நான் பார்த்தவை டபிள்யூ.டி.எம்.2 எஞ்சின்கள். அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனி வடிவமைப்பில் 1964 முதல் வாராணசியில் தயாரானவை. பதினாறு சிலிண்டர், 2,600 குதிரைச் சக்தி. ஒரு எஞ்சினின் ஆயில் தொட்டி மட்டும் சுமார் 900 லிட்டர் பிடிக்கும். அவ்வளவு ஆயிலை 'தேதி வந்துவிட்டது' என்று கண்ணை மூடிக்கொண்டு கொட்டிவிட முடியுமா? ஷெட்டிலேயே ஒரு லேப் உண்டு. எஞ்சின் உள்ளே வந்ததும் ஆயிலில் ஒரு சிறு பாட்டில் எடுத்து அங்கே போகும். பிசுபிசுப்பு எவ்வளவு, தண்ணீர் கலந்திருக்கிறதா, டீசல் இறங்கியிருக்கிறதா, அமிலத்தை முறிக்கும் சக்தி மீதி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஸ்பெக்ட்ரோகிராஃப் என்ற கருவியில் ஆயிலை எரித்து அதில் என்னென்ன உலோகம் எத்தனை நுணுக்க அளவில் இருக்கிறது என்றும் கணக்கெடுப்பார்கள். செம்பும் ஈயமும் கூடினால் பேரிங் தேய்கிறது. குரோமியம் கூடினால் சிலிண்டர் பக்கம் தேய்மானம். சிலிக்கான் கூடினால் காற்று ஃபில்டர் வழியாகத் தூசி போகிறது. சோடியம் தலைகாட்டினால் குளிர்விக்கும் தண்ணீர் ஆயிலில் கசிகிறது. ஏனென்றால் அந்தத் தண்ணீரில் துருப்பிடிக்காமல் இருக்கக் கலக்கும் மருந்தில் சோடியம் உண்டு. வெளியே கம்பீரமாக உறுமிக்கொண்டு நிற்கும் எஞ்சினை, லேபிலிருந்து வரும் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து வேலையிலிருந்து நிறுத்துவோம். டிரைவர்கள் சிரிப்பார்கள். பிரித்துப் பார்த்தபின் சிரிப்பு அடங்கும்.

காருக்கு அப்படி லேப் வைத்துக்கொள்ள முடியாது. அதற்குப் பதிலாகக் கம்பெனிகள் கொடுத்திருக்கும் தோராயமான அளவுகோல்தான் கிலோமீட்டர். எஞ்சின் உண்மையில் உணர்வது தூரத்தை அல்ல, ஓடிய மணி நேரத்தை. ஒரு சின்னக் கணக்கு போடுவோம். நெடுஞ்சாலையில் சராசரி மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் 10,000 கி.மீ. ஓட சுமார் 167 மணி நேரம் ஆகும். அதே தூரத்தை நகர நெரிசலில் சராசரி 15 கி.மீ. வேகத்தில் ஓட்டினால் 667 மணி நேரம். மீட்டரில் இரண்டும் ஒன்றுதான். ஆயிலோ இரண்டாவது வண்டியில் நான்கு மடங்கு நேரம் உழைத்திருக்கிறது. அதுவும் சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் ஓடுகிறது, ஓடோமீட்டர் ஓடுவதில்லை. குருகிராம் இளைஞருக்கு என் பதில் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

ஓய்வு பெற்றவரின் கேள்வி இன்னும் சுவாரசியமானது. குறைவாக ஓடுகிற வண்டிக்கு ஆயில் கெடாது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். இங்கே ஒரு வேதியியல் உண்மையைச் சொல்ல வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. நம்ப முடியவில்லையா? பெட்ரோலில் இருக்கும் ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்தால் வேறென்ன ஆகும்? ஜனவரி காலையில் சைலன்சரிலிருந்து வெள்ளையாகப் புகைவதும் சொட்டுவதும் அதுதான். பெரும்பகுதி ஆவியாக வெளியே போய்விடும். ஒரு சிறு பகுதி பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கி, குளிர்ந்திருக்கும் ஆயிலில் தண்ணீராகப் படியும். எஞ்சின் நன்றாகச் சூடேறினால் இந்த ஈரம் மறுபடி ஆவியாகி வெளியேறிவிடும். சிக்கல் என்னவென்றால், டாஷ்போர்டில் தண்ணீர்ச் சூடு காட்டும் முள் நடுவுக்கு வந்த பிறகும் ஆயில் சூடாக இன்னும் நேரமாகும். கால் மணி, இருபது நிமிடம் சேர்ந்தாற்போல ஓடவேண்டும். நம் ஊர்க் குளிரில் அதற்கும் மேல். மயூர் விஹாரில் வீட்டிலிருந்து கோயிலுக்கு இரண்டு கிலோமீட்டர், திரும்பும்போது மதர் டெய்ரியில் ஒரு நிறுத்தம், சாயங்காலம் காய்கறிக்கு ஒரு கிலோமீட்டர் என்று ஓடும் வண்டியின் ஆயில் குளிர்காலம் முழுவதும் ஒருநாள்கூடச் சரியாகச் சூடாவதில்லை. தண்ணீரும், எரியாமல் இறங்கிய பெட்ரோலும், அமிலமும் சேர்ந்து அதிலேயே ஊறிக்கொண்டிருக்கும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அதன் உள்பக்கத்தைப் பாருங்கள். வெண்ணெய் போல வெளிர் மஞ்சள் நுரை படிந்திருந்தால் அது ஆயிலும் தண்ணீரும் கடைந்தது. குளிர்காலத்தில் கொஞ்சம் இருந்தால் பயமில்லை, நீண்ட ஓட்டம் ஒன்று போனால் மறைந்துவிடும். கோடையிலும் இருந்தாலோ, ரேடியேட்டர் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தாலோ மெக்கானிக்கிடம் காட்டவேண்டும். ஹெட் கேஸ்கெட்டில் கசிவு இருக்கலாம்.

எங்கள் குடியிருப்பில் ஒரு நண்பர். நல்ல மனிதர், கணக்கிலும் கெட்டிக்காரர். அவர் வண்டி வருடத்துக்கு 2,600 கி.மீ.தான் ஓடும். 10,000 ஆக நாலு வருடம் ஆகும் என்று வகுத்துப் பார்த்து, மூன்று வருடத்துக்கு மேல் ஆயிலைத் தொடவே இல்லை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் மேலிருந்து 'டக் டக்' என்று சத்தம் வரத் தொடங்கியது. ஒருநாள் டாஷ்போர்டில் சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தது. வீடு பக்கத்தில்தானே என்று ஒன்றரைக் கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டே வந்துவிட்டார். அந்த ஒன்றரைக் கிலோமீட்டர்தான் வினை. அடித்தொட்டியைக் கழற்றியபோது நானும் கூட இருந்தேன். கறுப்பு அல்வா மாதிரி ஒரு படிவு. ஆயிலை உறிஞ்சும் சல்லடையில் பாதிக்கு மேல் அடைப்பு. பேரிங்குகள் போய்விட்டன, கிராங்க் ஷாஃப்டில் கோடு விழுந்துவிட்டது. மெக்கானிக் கொடுத்த மதிப்பீடு எண்பதாயிரத்தைத் தாண்டியது. மூன்று வருடத்தில் மிச்சப்படுத்தியது இரண்டு ஆயில் மாற்றல், தலா இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாய். பென்ஷன்காரர், பேத்தி கல்யாணத்துக்கு எடுத்து வைத்திருந்த பணத்தில் கைவைக்க வேண்டியதாயிற்று.

இந்த இடத்தில் சிவப்பு விளக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது ஆயில் குறைந்திருக்கிறது என்பதைச் சொல்லும் விளக்கு என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான கார்களில் அது ஆயில் அழுத்தம் இல்லை என்பதைச் சொல்லும் விளக்கு. ஓடும்போது எரிந்தால் ஓரம் கட்டி அந்த நிமிடமே எஞ்சினை அணைக்க வேண்டும். கட்டி இழுத்துக்கொண்டு போக ஆயிரம், இரண்டாயிரம் ஆகும். ஆகட்டும்.

நம்மவர்களிடம் இன்னொரு பழக்கம் உண்டு. மார்கழியில் கச்சேரி சீசனுக்கோ, குழந்தைகளைப் பார்க்க வெளிநாட்டுக்கோ இரண்டு மூன்று மாதம் போகும்போது, வாட்ச்மேனிடம் சாவியைக் கொடுத்து, 'தினமும் அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைப்பா' என்று சொல்லிவிட்டுப் போவது. நல்ல எண்ணம்தான், ஆனால் ஆயிலுக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை. தினமும் குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோலை அதிகமாக ஊற்றி எரித்து, தண்ணீரை உள்ளே இறக்கி, சூடாவதற்கு முன் அணைத்துவிடுகிறீர்கள். பேட்டரிக்கும் அதனால் பெரிய லாபமில்லை. ஸ்டார்ட் செய்ய எடுத்த கரண்ட்கூட முழுதாகத் திரும்புவது சந்தேகம். நம்பிக்கையான ஒருவர் பதினைந்து நாளுக்கு ஒருமுறை இருபது முப்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்தால் நல்லது. அது முடியாதென்றால் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு வண்டியைச் சும்மா விடுங்கள்.

நிறத்தைப் பார்த்து ஆயிலை எடைபோடுவது இன்னொரு பழங்காலப் பழக்கம். விரலில் தொட்டு, 'கறுத்துப் போச்சு, மாத்திடலாம்' என்பார்கள். டீசல் காரில் புது ஆயில் சில நூறு கிலோமீட்டரிலேயே கறுத்துவிடும். கரியைத் தனக்குள் வாங்கிக்கொள்வதுதானே அதன் வேலை? கறுப்பு என்றால் வேலை செய்கிறது என்று அர்த்தம். சி.என்.ஜி.யில் இதற்கு நேர் எதிர். டெல்லியில் பலர் சி.என்.ஜி. கிட் உள்ள வண்டிதான் வைத்திருக்கிறோம். வாயு சுத்தமாக எரிவதால் ஆயில் தேன் நிறத்திலேயே நெடுநாள் இருக்கும். அதைப் பார்த்து ஏமாறக்கூடாது. அங்கே கரி இல்லை, ஆனால் சூட்டில் காற்றின் நைட்ரஜனும் ஆக்சிஜனும் ஆயிலைத் தாக்கி மெல்லத் தடிக்க வைக்கும். மீத்தேன் எரிவதால் உண்டாகும் தண்ணீரும் அதிகம். சி.என்.ஜி. வண்டிக்கும் கெடு கெடுதான். நாங்கள் ஷெட்டில் செய்த பிளாட்டர் டெஸ்டை வேண்டுமானால் வீட்டில் செய்து பார்க்கலாம். லேபில் உபயோகிக்கும் ஃபில்டர் பேப்பரில் (நம் காபி ஃபில்டர் அல்ல!) அளவுக்குச்சியிலிருந்து ஒரு சொட்டு விட்டு, சில மணி நேரம் காய விடவேண்டும். கறை ஒரே சீராகப் பரவியிருந்தால் கரியை மிதக்க வைக்கும் சக்தி இருக்கிறது. நடுவில் மட்டும் அடர்ந்த கறுப்புப் பொட்டாகக் கூர்மையான ஓரத்தோடு நின்றுவிட்டால் அந்தச் சக்தி தீர்ந்துவிட்டது. இது தோராயமான சோதனைதான். கெடுவைத் தள்ளிப்போட இதைச் சாக்காகக் கொள்ளாதீர்கள்.

'சிந்தெடிக் ஆயில் போட்டிருக்கிறேன், எனக்கு இதெல்லாம் கிடையாது' என்று ஒரு கட்சி. சிந்தெடிக் உயர்ந்ததுதான், சந்தேகமில்லை. சூட்டில் சீக்கிரம் கெடாது, டிசம்பர் காலையில் சட்டென்று ஓடி மேலேறும். ஆனால் அதில் விழும் தண்ணீரும் பெட்ரோலும் தூசியும் அது சிந்தெடிக் என்று பார்த்து ஒதுங்கிப் போகுமா? நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்கு அது ஆயுளைக் கூட்டும். கோயிலுக்கும் கடைக்கும் ஓடும் வண்டிக்குக் காலண்டரை மாற்றாது. டப்பாவில் 5டபிள்யூ-30 என்று போட்டிருப்பதில் 'டபிள்யூ' குளிர்காலத்தைக் குறிக்கும். முன்னால் உள்ள எண் குறையக் குறைய குளிரில் எளிதாக ஓடும். பின்னால் உள்ள எண் 100 டிகிரி சூட்டில் அதன் கனத்தைச் சொல்லும். கையேட்டில் உள்ள எண்ணையே வாங்குங்கள். 'கெட்டியாகப் போட்டால் எஞ்சினுக்கு நல்லது' என்று 20டபிள்யூ-50 ஊற்றும் மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். மெல்லிய ஆயிலுக்காக வடிவமைத்த இன்றைய எஞ்சினில் அது காலையில் மேலே போய்ச் சேரவே நேரமாகும். பி.எஸ்.6 டீசல் வண்டிக்காரர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். புகைக்கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். ஃபில்டர் உள்ள வண்டிக்குச் சாம்பல் குறைவான தனி ரக ஆயில்தான் போடவேண்டும். நகரத்துக்குள்ளேயே ஓட்டினால் அந்த ஃபில்டரைச் சுத்தம் செய்யக் கூடுதலாகத் தெளிக்கப்படும் டீசல் ஆயிலில் இறங்கி, அளவுக்குச்சியில் மட்டம் ஏறிக்கொண்டே போகும். மட்டம் ஏறினால் சந்தோஷப்படாதீர்கள், உடனே மாற்றுங்கள்.

அம்பாசடர், பத்மினி காலத்தவர்கள், 'அப்போதெல்லாம் மூவாயிரத்துக்கே மாற்றுவோமே' என்பார்கள். உண்மை. அன்று கார்புரேட்டர், காலையில் சோக்கை இழுத்தால் பாதிப் பெட்ரோல் எரியாமல் சிலிண்டரைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். எரிபொருளில் கந்தகமும் அதிகம். பி.எஸ்.2 காலத்தில்கூடப் பத்து லட்சத்தில் 500 பங்கு வரை அனுமதி. 2018 ஏப்ரலில் டெல்லிக்கும் 2020 ஏப்ரலில் நாடு முழுவதற்கும் வந்த பி.எஸ்.6 எரிபொருளில் அது 10 பங்கு. கந்தகம் குறைந்தால் அமிலம் குறையும். கெடு நீண்டதற்கு இவை நியாயமான காரணங்கள். ஆகவே மூவாயிரத்துக்கு ஒருமுறை மாற்றுவது இன்று வீண்செலவு.

என்னைக் கேட்டால், நகரத்துக்குள் தினமும் ஓடும் பெட்ரோல், சி.என்.ஜி. வண்டிக்கு 5,000 முதல் 6,000 கி.மீ. வெளியூர் ஓட்டம் அதிகமென்றால் கையேடு சொல்லும் 10,000. வருடத்துக்கு மூவாயிரம் ஓடும் வண்டிக்கு வருடம் ஒருமுறை, கண்டிப்பாக. இரண்டு மூன்று கிலோமீட்டர் பயணம் மட்டுமே என்றால் குளிர்காலம் முடிந்ததும் மார்ச்சில் மாற்றிவிடுங்கள், அந்த ஈரத்தைக் கோடைக்கு எடுத்துச் செல்லவேண்டாம். வாரண்டி உள்ளவர்கள் கையேட்டுக் கெடுவைத் தாண்டாமல், பில்லையும் பத்திரப்படுத்த வேண்டும்.

ஆயிலோடு ஃபில்டரையும் ஒவ்வொரு முறையும் மாற்றவேண்டும். ஃபில்டர் அடைத்துக்கொண்டால் அதிலுள்ள வால்வு திறந்து வடிகட்டாத ஆயிலை அப்படியே எஞ்சினுக்கு அனுப்பும். வண்டி நிற்காது, உங்களுக்குத் தெரியவும் தெரியாது. சர்வீஸ் சென்டரில் 'எஞ்சின் ஃபிளஷ்', 'ஆயில் டிரீட்மெண்ட்' என்று பில்லில் சேர்ப்பதைக் கையேட்டில் இல்லையென்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒழுங்காக ஆயில் மாற்றிய எஞ்சினுக்கு அது தேவையில்லை. அளவுக்குச்சியை மாதம் ஒருமுறை நீங்களே பாருங்கள். சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் கழித்து, துடைத்துவிட்டு மறுபடி நுழைத்து எடுத்து, இரண்டு குறிகளுக்கு நடுவே இருக்கிறதா என்று பார்த்தால் போதும். மேல்குறியைத் தாண்டி ஊற்றுவதும் தப்பு. கிராங்க் ஷாஃப்ட் அதை அடித்து நுரையாக்கிவிடும், நுரைக்கு உலோகத்தைத் தாங்கும் சக்தி கிடையாது.

மே மாத விடுமுறையில் காரிலேயே சென்னைக்குப் போகும் குடும்பங்கள் இப்போது பெருகிவிட்டன. ஆக்ரா, ஜான்சி, நாக்பூர், ஹைதராபாத் வழியாக ஒரு வழிக்கே 2,200 கி.மீ. ஆகும். புறப்படுமுன் ஆயில் மாற்றவேண்டுமா? கெடுவுக்கு இன்னும் ஐயாயிரம் மீதி இருந்தால் தேவையில்லை, மட்டம் பார்த்து ஒரு லிட்டர் அதே ஆயிலைப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். மீதி குறைவென்றால் மாற்றிவிட்டுப் புறப்படுங்கள். திரும்பி வந்ததும் 'இவ்வளவு தூரம் ஓடியிருக்கிறதே' என்று பதறி மாற்றுகிறவர்களும் உண்டு. நெடுஞ்சாலைக் கிலோமீட்டர்தான் ஆயிலுக்குச் சுகமான கிலோமீட்டர். நாக்பூர் தாண்டும்போதே அதில் ஊறியிருந்த ஈரமெல்லாம் போயிருக்கும்.

வீட்டு வாசலில் மெக்கானிக்கை வைத்து மாற்றுகிறவர்கள் கழிவு ஆயிலைச் சாக்கடையில் கொட்டவிடாதீர்கள். அது போய்ச் சேருமிடம் யமுனை. சட்டப்படியும் அது அபாயக் கழிவு. மூடியுள்ள கேனில் பிடித்து, அதைச் சேகரித்து அனுப்பும் பெரிய ஒர்க்ஷாப்பில் கொடுத்துவிடலாம். காலி டப்பாவைக் கபாடிவாலாவிடம் போடுமுன் கத்தியால் இரண்டாகக் கிழித்துவிடுங்கள். முழு டப்பாவாகப் போனால் வேறு எண்ணெயை நிரப்பி, மூடியை ஒட்டி, உங்களுக்கே தள்ளுபடி விலையில் விற்க ஆளிருக்கிறது.